கனவு அறையும் கல்யாண வீடும்
(திரைப்படங்களில் ஆண்மேல் ஆண் கொண்ட ஆசை பற்றி ஒரு சிந்தனை)

நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்கள், "என்ன நயினார், இந்தத் தடவையும் சமணமும் தமிழும்தானே?" என்று கேட்டார்கள். அடியேன் முன்பு எழுதியதெல்லாம் அந்த வகைதான். சித்தன்னவாசல், கழுகுமலை, திருநாதர்குன்று என்று கல்வெட்டுகளையே சுற்றிக்கொண்டிருந்தவன். இந்த முறை சினிமா என்றேன். சிரித்தார்கள். எப்படிப்பட்ட சினிமா என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. குழுவில் மூத்தவர் ஒருவர் மட்டும், "எழுதுங்க, ஆனா குடும்பத்தோட படிக்கிற மாதிரி எழுதுங்க" என்றார். குடும்பத்தோடு படிக்க வேண்டும் என்பதற்காகவேதான் இதை எழுதுகிறேன். ஏன் என்பது பிற்பகுதியில் விளங்கும்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, வந்தவாசிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தவன். மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு, ஏலம் வியாபாரம். வீடு தேவராவில். வெண்டுருத்திப் பாலம் ஏறி, வெல்லிங்டன் தீவைக் கடந்து, தோப்பும்படி வழியாகத் தினமும் கடைக்குப் போகிறவன். சினிமா விமர்சகன் அல்லேன். தராசு பிடித்த கை என்பதால் இரண்டு தட்டையும் பார்த்து எடை சொல்லப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் சொல் பற்றி ஒரு வார்த்தை. ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்புவதைக் குறிக்க நம் பேச்சில் இருப்பவை பெரும்பாலும் ஏச்சுச் சொற்களே. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் போன்ற சொற்கள் இன்று அச்சில் தயங்காமல் வருகின்றன. இக்கட்டுரையிலும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

கைமாறி வாழும் படங்கள்

நம் ஊரில் ஒரு படம் பொங்கலுக்கு வரும். ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் போய்விடும். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. பெரிய தியேட்டரில் ஓடாது. போஸ்டர் இருக்காது. ஆனால் பார்த்தவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் வேறொருவரிடம் சொல்லி, ஐம்பது அறுபது ஆண்டுகள் உயிரோடு இருக்கும். இதைத்தான் 'கல்ட்' படம் என்கிறார்கள். வழிபாட்டுக் குழு என்ற பொருளுள்ள சொல். பால்புதுமையர் பற்றிய பழைய படங்களில் பல இந்த வகையே. காரணம் எளிது. வெளிப்படையாகக் காட்ட அன்றைக்குச் சட்டமும் விடவில்லை, ஊரும் விடவில்லை.

அவற்றுள் முன்னோடியாகச் சொல்லத்தக்கது, பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜெனே 1950இல் எடுத்த 'அன் ஷான் தமூர்'. ஒரு காதல் பாட்டு என்று பொருள். 26 நிமிடப் படம். கறுப்பு வெள்ளை. பேச்சே கிடையாது. சிறைச்சாலையில் அடுத்தடுத்த அறைகளில் இரண்டு கைதிகள். நடுவில் சுவர். சுவரில் ஒரு சிறு துளை. ஒருவன் துளை வழியே ஒரு துரும்பை நுழைத்துச் சிகரெட் புகையை ஊதுகிறான். மறுபக்கம் இருப்பவன் வாயைத் திறந்து அதை வாங்கிக்கொள்கிறான். தொடுவது புகை மட்டுமே. காவலாளி துவாரம் வழியாக ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்க்கிறான். பார்க்கப் பார்க்க அவனுக்குள்ளும் ஆசை மூளுகிறது. அதை ஒப்புக்கொள்ள முடியாமல் கைதியை அடிக்கிறான். அந்தச் சிறைக்குள்ளிருந்து கதை திடீரென்று ஒரு காட்டுக்குப் போகும். அங்கே இருவரும் ஓடி விளையாடுகிறார்கள். அது கனவு என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அந்த அறைக்குக் கதவு கிடையாது, கனவு ஒன்றுதான் வழி.

இந்தப் படத்தை ஆபாசம் என்று 1966இல் கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறுவருஷம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பெயரில்லாமல் வந்த படம்

இரண்டாவது, 1971இல் வெளிவந்த 'பிங்க் நார்சிசஸ்'. நார்சிசஸ் என்பவன் கிரேக்கப் புராணத்தில் தண்ணீரில் தன் நிழலையே பார்த்து மயங்கிய அழகன். இப்படத்தை எடுத்தவர் ஜேம்ஸ் பிட்குட். கடைகளின் கண்ணாடி அலமாரிகளை அலங்கரிப்பதும், நாடக உடை தைப்பதும், புகைப்படம் எடுப்பதும் அவர் தொழில். 1963 முதல் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், நியூயார்க்கில் தம் சின்னஞ்சிறு குடியிருப்புக்குள்ளேயே பெரும்பாலான காட்சிகளை எடுத்தார். துணி, காகிதம், ஜிகினா, வண்ண விளக்கு இவற்றைக் கொண்டே வனமும் அரண்மனையும் கட்டினார்.

கதை என்று பெரிதாக இல்லை. அழகான இளைஞன் ஒருவன் தன் அறையில் தனியே கிடந்து கனவு காண்கிறான். ஒரு கனவில் காளைச் சண்டை வீரன். ஒரு கனவில் ரோமாபுரி அடிமை. ஒரு கனவில் அந்தப்புரத்தின் தலைவன். கனவெல்லாம் தங்கமும் ரோஜா நிறமும். அறைக்கு வெளியே தெருவைக் காட்டும்போது மட்டும் எல்லாம் அழுக்கு. பணம் போட்டவர்கள் படத்தைத் தம் கையில் எடுத்து வெட்டி ஒட்டியதால், கோபத்தில் பிட்குட் தம் பெயரையே நீக்கிவிட்டார். இயக்கியவர் யார் என்று தெரியாமல் படம் பல ஆண்டுகள் சுற்றியது. பெரிய பெரிய கலைஞர்களின் பெயரையெல்லாம் ஊகித்தார்கள். 1990களில்தான் உண்மை எல்லாருக்கும் தெரிந்தது. 2022இல் பிட்குட் காலமானார்.

இதைப் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் திகம்பர ஜினாலயங்களில் ஆடையில்லாத ஆண் உருவத்தைக் கைக்குழந்தை முதல் கும்பிட்டு வளர்ந்தவன் நான். சிரவணபெளகொளவில் பாகுபலி சுமார் 57 அடி உயரத்தில், கொடி படர்ந்த உடம்போடு, ஒட்டுத்துணி இல்லாமல் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கிறார். குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறோம். ஆகவே உடம்பு எனக்குப் புதிதல்ல. பாகுபலியின் முகத்தில் ஆசை அவிந்துவிட்டது. இந்த நியூயார்க் இளைஞன் முகத்தில் ஆசை மட்டுமே இருக்கிறது. ஆனால் என் மனத்தில் தங்கியது அந்த ஆசையும் அல்ல, அவனுடைய தனிமை. ராஜாவும் அவனே, அடிமையும் அவனே. கண்ணாடியில் தெரிகிறவனும் அவனே. ஒரு ஆள் தனக்குத் துணையாகத் தன்னையே வைத்துக்கொண்டு எழுபது நிமிஷம் கனவு காண்கிறான். இதைக் காமப்படம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியவில்லை.

அதே 1971இல் நம் நாட்டில்

அதே வருஷம் இந்தியில் 'பத்னாம் பஸ்தி' வந்தது. கமலேஷ்வர் எழுதிய நாவலைக் கொண்டு பிரேம் கபூர் இயக்கியது. உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரி வட்டாரக் கதை. சர்நாம் சிங் என்னும் கொள்ளைக்காரனின் மனம் ஒரு பெண்ணிடமும் போகிறது, ஓர் இளைஞனிடமும் போகிறது. இந்தியத் திரையில் தன்பாலீர்ப்பைக் கதையாகத் தொட்ட மிகப் பழைய படங்களுள் ஒன்று என இதை ஆய்வாளர் கூறுவர். படம் ஓடவில்லை. பிறகு காணாமலே போனது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 2019இல் பெர்லின் நகரத்து ஆவணக் காப்பகம் ஒன்றில் அதன் பிரதி கிடைத்தது.

1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் ஆங்கிலேயர் எழுதி வைத்த 377ஆம் பிரிவு அப்போது நம் நாட்டில் முழுப்பலத்தோடு இருந்த காலம். அமெரிக்காவிலும் பெரும்பாலான மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டங்கள் இருந்தன. ஒரு படம் பெயரை இழந்தது, இன்னொரு படம் ஊரையே விட்டுப் போனது.

நம் கேரளத்துப் படங்கள்

இனி நாம் பிழைக்க வந்த மண்ணுக்கு வருவோம். ஜெயன் செறியான் இயக்கிய 'கா பாடிஸ்கேப்ஸ்' (2016) கோழிக்கோட்டில் நடக்கும் கதை. ஹாரிஸ் ஓர் ஓவியன். கிராமத்துக் கபடி வீரன் விஷ்ணுவை விரும்புகிறான், அவன் உடலை வரைகிறான். ஜெனேயின் கைதி புகையில் அனுப்பியதை, பிட்குட் ஜிகினாவில் கட்டியதை, ஹாரிஸ் வண்ணத்தில் தீட்டுகிறான். படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டு, விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. மறுவருஷம் கீது மோகன்தாஸின் 'மூத்தோன்' வந்தது. லட்சத்தீவுக்காரன் அக்பராக நிவின் பாலி, வாய் பேசாத அமீராக ரோஷன் மாத்யூ. லட்சத்தீவுக் கப்பல் புறப்படும் வெல்லிங்டன் தீவைத் தினமும் கடக்கிறவன் ஆகையால் எனக்கு இப்படம் பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. அக்பர், உடலில் கம்பி குத்திக்கொண்டு ஆடும் குத்து ராத்தீபு ஆட்டக்காரன். அமீர் அதைப் பார்த்து நிற்கிறான். இருவருக்கும் பேச்சு கையாலும் கண்ணாலும்தான். கடற்கரையும் நிலாவும் இருக்கின்றன, ஆனால் கனவு இல்லை, நிஜம். அப்புறம் வீட்டார் அமீருக்குக் கல்யாணம் நிச்சயிக்கிறார்கள். அங்கிருந்து எல்லாமே துயரம். அக்பர் மும்பைக்குப் போய் வேறு மனிதனாகிறான்.

2023 நவம்பர் 23 அன்று வந்த ஜியோ பேபியின் 'காதல்', உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மம்மூட்டியும் நம் ஜோதிகாவும் நடித்தது. தன்பாலீர்ப்புள்ளோர் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர உச்ச நீதிமன்றம் மறுத்தது அக்டோபர் 17 அன்று. படம் வந்தது அதற்கு 37 நாள் கழித்து. தீக்கோயி என்னும் கிராமம். உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும் மாத்யூ மேல் அவர் மனைவி ஓமனா விவாகரத்து வழக்குத் தொடுக்கிறார். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் கணவன் மனைவியாக வாழ்ந்தது நான்கே தடவை. கணவரை அவமானப்படுத்த அவர் இதைச் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் விடுதலை வேண்டும் என்கிறார். தந்தைக்கு முன்பே தெரியும். தெரிந்தே, சரியாகிவிடும் என்று நினைத்து மணம் முடித்து வைத்தவர். இப்படம் கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 'காதல்' என்று பெயர் வைத்த படத்தில் அந்த இரு ஆண்களுக்கும் ஒரு காதல் காட்சிகூட இல்லை. குடும்பங்கள் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ஆசையைத் துடைத்து எடுத்துவிட்டார்களோ என்று சிலர் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு. பிட்குட் படத்தில் ஆசை இருந்தது, குடும்பம் இல்லை. இதில் குடும்பம் இருக்கிறது, ஆசை இல்லை. ஆசை இல்லாதவனாக இருந்தால்தான் வீட்டுக்குள் விடுவோம் என்று நாம் மற்றப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை அல்லவா? ஆனாலும் என் போன்ற அறுபத்தேழு வயதுக்காரனைத் தியேட்டருக்குள் உட்கார வைக்க இந்தப் படத்தால்தான் முடிந்தது.

என் வீட்டுக் கணக்கு

இந்த இடத்தில் என் கணக்கைச் சொல்ல வேண்டும். என் அக்காள் மகன் 2014இல் எனக்கு எதிரே கடைக் கோடவுனில் மூட்டைமேல் உட்கார்ந்து, "மாமா, எனக்குப் பொண்ணு பாக்காதீங்க" என்றான். காரணமும் சொன்னான். அழுதுகொண்டேதான் சொன்னான். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவு செல்லும் என்று சொல்லியிருந்தது. நான், "கோர்ட்டே தப்புன்னு சொல்லுது, நீ என்னப்பா பேசற? கல்யாணம் ஆனா எல்லாம் தானா சரியாயிடும்" என்றேன். தாய்மாமன் சொல் ஆயிற்றே, அவன் மீறவில்லை. வரன் பார்த்தவனும் நான்தான், மாலை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் தாய்வீடு போய்விட்டாள். தன்னிடம் என்ன குறை என்று தெரியாமலே இரண்டு வருஷம் அந்தப் பிள்ளை தவித்திருக்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தெரிந்த உண்மையை மறைத்து அவளைக் கூட்டி வந்தது என் குறை.

இதை எழுத என் மருமகன் அனுமதி கொடுத்தான். அந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு முகமில்லை. அதனால் ஊரோ பேரோ எதுவும் எழுதவில்லை.

'காதல்' படத்தை அவனும் நானும் என் சம்சாரமும் எர்ணாகுளத்தில் சேர்ந்து பார்த்தோம். திரையில் அந்தத் தந்தை தலை குனிந்தபோது நானும் குனிந்தேன். வீட்டுக்கு வந்ததும், "வேற என்னென்ன படம் இருக்குடா?" என்று கேட்டேன். மேலே சொன்ன பழைய படங்களை ஒவ்வொன்றாக அவன்தான் கம்ப்யூட்டரில் எனக்குக் காட்டினான். பிங்க் நார்சிசஸ் ஓடும்போது, "இந்த மாதிரி ரூம்லதான் மாமா நான் பத்து வருஷம் இருந்தேன்" என்றான்.

கோம்மடசாரம் சொல்வது

அதற்குப் பிறகு நான் போய் எடுத்தது எங்கள் பழைய நூலை. பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம். பாகுபலி சிலையை நிறுவிய சாமுண்டராயர் காலத்தவர் அவர். அந்நூலின் ஜீவகாண்டத்தில் 'வேதம்' பற்றி ஓர் இயல் உண்டு. இங்கே வேதம் என்பது ரிக், யஜுர் அல்ல. காம உணர்ச்சி என்று பொருள். பெண்ணை நாடும் உணர்ச்சி ஆண் வேதம். ஆணை நாடும் உணர்ச்சி பெண் வேதம். இரண்டையும் நாடுவது நபும்சக வேதம். முதலாவதற்குப் புல்லில் பற்றிய தீயையும், இரண்டாவதற்கு வறட்டித் தீயையும், மூன்றாவதற்குச் செங்கல் சூளைத் தீயையும் உவமை சொல்வார்கள்.

முக்கியமான செய்தி இனித்தான். உடல் அமைப்பு வேறு, உணர்ச்சி வேறு என்று இந்நூல் பிரிக்கிறது. உடலைத் தருவது நாம கர்மம், அது திரவிய வேதம். உணர்ச்சியைத் தருவது மோகனீய கர்மம், அது பாவ வேதம். (பாவம் என்றால் இங்கே மனநிலை, புண்ணிய பாவத்தில் வரும் பாவம் அல்ல.) இரண்டும் பெரும்பாலும் ஒத்திருக்கும், சில இடங்களில் மாறியிருக்கும் என்று நூலாசிரியர் திட்டமாகச் சொல்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இது கண்ட உண்மை. மேல்நாட்டிலிருந்து வந்த புதுவியாதி என்பவர்களுக்கு இதுவே பதில்.

எடை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் மறுதட்டையும் பார்க்க வேண்டும். இந்நூல்கள் காமத்தைப் புகழவில்லை. மூன்று வேதமும் வெல்லப்பட வேண்டியவையே. நபும்சகருக்குத் தீட்சை கூடாது என்னும் விதியும் துறவு நூல்களில் உண்டு. பழைய வகைகளை இன்றைய சொற்களோடு அப்படியே பொருத்திவிடவும் முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். திகம்பர உரைகாரர் கொள்கைப்படி, உடலால் ஆணாக இருப்பவன் மூன்றில் எந்தப் பாவ வேதம் உடையவனானாலும் வீடுபேற்றுப் படி ஏறலாம். ஒன்பதாம் குணஸ்தானத்தில்தான் மூன்றும் அவிகின்றன. அதுவரை மூன்று தீயும் ஒரே ஏணியில்தான் எரிகின்றன. மோட்சத்துக்குப் போகிற வழியில் இடம் உள்ளவனுக்கு, நம் வீட்டு முற்றத்தில் இடம் இல்லை என்று எந்த நூலை வைத்துச் சொல்வது? இந்த நூல் 2014இலும் என் அலமாரியில்தான் இருந்தது.

நாம் செய்யக்கூடியது

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைக்கு முப்பது நெருங்கினால் ஊரில் சொல்லி வைத்துப் பெண் எடுப்பது வழக்கம். அந்தப் பெண் மொழி தெரியாத ஊருக்கு, அண்டை அயல் தெரியாத வீட்டுக்கு வருகிறாள். இங்கே பொய் நடந்தால் அவளுக்குப் போய் அழ ஓர் இடம் கிடையாது. ஆகவே ஜாதகம் எடுக்குமுன் மகனிடமும் மகளிடமும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். டாக்டரிடம் காட்டிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட 'மாற்று சிகிச்சை' முயற்சிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவே இல்லை.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வீட்டுக் கதவு நம் கையில் இருக்கிறது. அதைச் சாத்தினால் பிள்ளைகள் ஜெனேயின் கைதிபோலச் சுவரில் துளை தேடுவார்கள், பிட்குட்டின் இளைஞன்போல அறைக்குள் கனவு கட்டுவார்கள். கலைக்கு அது லாபமாக இருக்கலாம். குடும்பத்துக்கு நஷ்டம்.

என் மருமகன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தேவரா வீட்டுக்கு வருகிறான். அவனோடு அவனுடைய துணைவரும் வருகிறார். மலையாளி, நல்ல பிள்ளை. சூரியன் மறையுமுன் சாப்பிடுவது எங்கள் முறை. முதலில் அவருக்குப் பசியே எடுக்காது, இப்போது பழகிவிட்டார். என் சம்சாரம் ஐந்தரை மணிக்கெல்லாம் நான்கு இலை போட்டுவிடுகிறாள்.